தோட்ட விளக்கு: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக்கு விளக்கு வாங்கப் போகிறேன். எத்தனை வாட் போட்டால் போதும்?

பதில்: வாட்டை விடுங்கள், அது மின்சாரச் செலவைத்தான் சொல்லும். வெளிச்சம் வேண்டுமென்றால் பெட்டியில் லூமன் எவ்வளவு என்று பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமன் தந்தது. நடைபாதை ஓரத்தில் நடும் விளக்கு ஒன்றுக்கு 100 முதல் 200 லூமன் தாராளம். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. இருட்டியதும் டார்ச்சோடு தோட்டத்தில் இறங்கி, கால் எங்கே தடுக்குகிறது, எந்த மரத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அழகாக இருக்கிறது என்று அடித்துப் பாருங்கள். விளக்கு தேவைப்படும் இடங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மிச்ச இடம் இருட்டாகவே இருக்கட்டும். எல்லா மூலையிலும் வெளிச்சம் அடித்தால் எந்தச் செடியும் எடுப்பாகத் தெரியாது.

கேள்வி: வெள்ளையா, மஞ்சளா?

பதில்: மஞ்சள்தான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள், 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் அதிகம், பூச்சிகளை அதுதான் கூடுதலாக இழுக்கும். மஞ்சளுக்கும் பூச்சி வரும், ஆனால் குறைவாக.

கேள்வி: மழையில் நனையும் இடம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி எண்ணைக் கேளுங்கள். அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. கூரையடியில் சாரல் மட்டும் படுமென்றால் ஐபி44 போதும். திறந்தவெளியில், ஹோஸால் தண்ணீர் அடிக்கும் இடத்தில் 65. தரையில் புதைக்கும் விளக்குக்கு 67, குளத்துக்குள் எப்போதும் மூழ்கியிருப்பதற்கு 68. விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒயர் இணைப்பை வெறும் டேப் சுற்றி மண்ணில் விட்டால் எல்லாம் வீண். நீர் புகாத ஜங்ஷன் பாக்ஸ் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: வரிசையாக நட்ட சோலார் விளக்குகளில் ஒன்று மட்டும் எரியவே இல்லை. பழுதா?

பதில்: முதலில் அதை வேறு இடத்தில் நட்டுப் பாருங்கள். இருட்டியதை அந்த விளக்குகள் பெரும்பாலும் பேனலை வைத்தே உணர்கின்றன. பக்கத்தில் வாசல் விளக்கு எரிந்தால் இன்னும் பகல் என்றே எடுத்துக்கொள்ளும். மர நிழலில் இருந்தால் சார்ஜே ஏறியிருக்காது. இரண்டும் இல்லையென்றால் பேனலைத் துடையுங்கள், அப்புறம் பேட்டரியைப் பாருங்கள். அது மாற்றக்கூடியதாக இருந்தால் அதே வகை, அதே வோல்ட் ரீசார்ஜ் பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண செல் போட்டால் கசிந்து விளக்கே கெட்டுப்போகும். நிழலான தோட்டத்துக்கு, ஒயர் இழுத்துப் பேனலை மட்டும் வெயிலில் தனியாக வைக்கும் வகையே சரி.

கேள்வி: 12 வோல்ட் விளக்குகளை ஒரே ஒயரில் போட்டோம். கடைசி விளக்கு மங்கலாக எரிகிறது.

பதில்: விளக்கைக் குறை சொல்லாதீர்கள், வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடுகிறது. அதே 60 வாட்டுக்கு 240 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். மெல்லிய, நீளமான ஒயர் அதைத் தாங்காது. தடித்த ஒயர் போடுங்கள், அல்லது ஒரு முனையிலிருந்து கொடுக்காமல் வரிசையின் நடுவிலிருந்து இரு பக்கமும் பிரித்துக் கொடுங்கள். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலும் அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். இவ்வளவு சிரமம் இருந்தாலும் குழந்தைகள் ஓடியாடும் தோட்டத்துக்கு 12 வோல்ட்டையே சொல்வேன், மண்வெட்டி தவறி ஒயரில் பட்டாலும் ஷாக் அபாயம் மிகக் குறைவு. மெயின் லைன் இழுத்தே ஆக வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள்.

கேள்வி: சென்சார் விளக்கு, ஆள் கிட்டே வந்த பிறகுதான் எரிகிறது.

பதில்: வருபவரை நேருக்கு நேர் பார்க்கும்படி மாட்டியிருப்பீர்கள். உடல் சூடு குறுக்கே நகரும்போதுதான் அது சட்டென்று பிடிக்கும். பாதைக்குப் பக்கவாட்டில் மாற்றுங்கள்.

கேள்வி: மரத்தின் மேல் வெளிச்சம் அடிக்க நாங்கள் வைத்த விளக்கு பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் அடிக்கிறதாம். எடுத்துவிடவா?

பதில்: எடுக்க வேண்டாம், ஆனால் அவர்கள் சொல்வது நியாயம். அவர்கள் ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். பல்பு நேரடியாகக் கண்ணில் பட்டால் விளக்கின் முகத்தில் மறைப்பு மாட்டி, அடிமரத்தை ஒட்டித் திருப்புங்கள். குறுகிய கோணப் பல்பு போட்டாலும் வெளிச்சம் மரத்தைத் தாண்டிச் சிதறாது. ஒரு டைமரும் வையுங்கள், நீங்கள் உள்ளே போனதும் அது அணையட்டும். மின்மினி வரும் தோட்டமாக இருந்தால் அந்தப் பக்கம் விளக்கே வேண்டாம், வெளிச்சத்தில் அவற்றால் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாது.