ஸ்பார்க்கிள் சொரசொரப்பா? எமரி பேப்பரைக் கீழே வையுங்கள்

கேள்வி: என் எலெக்ட்ரிக் கிட்டார் பாடிக்கு ஒரு டூவீலர் பெயிண்டிங் பட்டறையில் சிவப்பு ஸ்பார்க்கிள் அடித்து வாங்கினேன். மினுமினுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. 400 பேப்பர் போட்டுத் தேய்த்து ஒரு கோட் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். வேலூரில் கிட்டார் வேலை எடுத்துச் செய்து தருகிற ஒருவரோ, மொத்தமாக உரித்துவிட்டு இம்போர்ட்டட் நைட்ரோவில் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) புதிதாக அடிக்க வேண்டும், பாடியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார். எதைச் செய்வது? (வாசகர், ஆற்காடு)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெயிண்ட் கெட்டுப்போகவில்லை. வேலையைப் பாதியில் நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்பார்க்கிளில் மினுங்குகிற ஃபிளேக் என்பது பொடி இல்லை. அலுமினியம் பூசிய மெல்லிய பாலியஸ்டர் தாளை அறுகோணத் துண்டுகளாக வெட்டியது அது. வழக்கமாகப் போடும் துண்டு 0.2 மி.மீ., அதாவது 200 மைக்ரான் அகலம் இருக்கும். சில துண்டுகள் படுத்துக் கிடக்கும், சில சாய்ந்து நிற்கும், சில ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கிளியர் ஒரு கோட் காய்ந்தபின் நிற்பது 25, 30 மைக்ரான்தான். பைக் டேங்குக்கு அடிக்கிற பழக்கத்தில் இரண்டு கோட்டோடு அனுப்பினால் நுனிகள் கையில் தட்டத்தான் செய்யும்.

அந்த நுனியை 400 பேப்பரில் தேய்த்தால் மேலே இருக்கும் சிவப்புச் சாயம் போய், உள்ளே இருக்கும் வெள்ளி புள்ளி புள்ளியாக வெளியே வரும். அதன்மேல் எத்தனை கிளியர் அடித்தாலும் புள்ளி மறையாது.

சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் வரை மட்டும் லேசாகத் தடவுங்கள். கழுவி நன்றாகக் காயவிட்டு, 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிப்பது) மூன்று கோட் அடிக்கச் சொல்லுங்கள். நாலைந்து நாள் கழித்து 600 வாட்டர் பேப்பரை ஒரு கட்டையில் சுற்றி, மேடுகளை மட்டும் சமப்படுத்தலாம். தேய்க்கும்போது வழிகிற தண்ணீர் பால் நிறத்தில் இருக்கும்வரை போவது கிளியர்தான். அதில் ஒரே ஒரு மினுக்குத் துகள் தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி மூன்று கோட். இரண்டு வாரம் ஆறப்போட்ட பிறகு 1500, 2000 பேப்பர், பாலிஷ் காம்பவுண்டு. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வைக்கவே கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிய தின்னர் கொப்புளமாக எழும்பும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை உண்டு, அதைத் தாண்டிப் போகாதீர்கள். பிக்கார்டு (கம்பிகளுக்குக் கீழே பாடிமேல் முடுக்குகிற தகடு) மறைக்கிற ஓரமாகப் பார்த்து, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணி சுத்தமாக வந்து, இடமும் இறுக்கமாகவே இருந்தால் ஏற்கெனவே அடித்தது 2கே. மேலே சொன்ன வழியில் போகலாம். இடம் இளகிப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் என்.சி. அதன்மேல் நேரடியாக ஈரமான 2கே கோட் அடித்தால் சுருங்கி எழும்பிவிடும். முதலில் புகை போல இரண்டு மெல்லிய கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபிறகு மேலே கனமான கோட். அதையும் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான். மூன்றாவதாக, துணியில் சிவப்பே இறங்கினால் உங்களுக்கு அடித்தது ஃபிளேக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. ஸ்டேஷனரிக் கடைக் கிளிட்டராக இருக்கலாம். அந்த ஒரு நிலையில் மட்டும் உரிப்பதைத் தவிர வழியில்லை. புதிதாக அடிக்கும்போது ஃபிளேக்கை ஒரு சிட்டிகை கண்ணாடிப் பாட்டிலில் தின்னரோடு போட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் தின்னர் நிறம் மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த 'எடுத்துச் செய்து தருகிறவர்' விஷயம். இவர்களில் பலரிடம் ஸ்ப்ரே கன்னும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. பாடியை வாங்கி ஏதாவதொரு கார் பட்டறையில் கொடுத்து, மேலே தன் பங்கை வைத்து உங்களிடம் தருவார்கள். அடிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஃபிளேக் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கன்னின் நாசில் 1.8 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, உள் ஃபில்டரைக் கழற்றுகிறாரா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பாடியோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.

'இம்போர்ட்டட் நைட்ரோ' என்றால் இன்னும் உஷார். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஃபினிஷிங்குக்கு வருகிற லாக்கரும் நைட்ரோசெல்லுலோஸ்தான். தோலோடு சேர்ந்து மடங்குவதற்காக அதை மென்மையாகச் செய்திருப்பார்கள். மரத்தில் அடித்தால் தேய்த்துச் சமப்படுத்துகிற அளவுக்கு இறுகாது, ஸ்ட்ராப் பட்ட இடமெல்லாம் தடம் விழும். பழைய அமெரிக்க கிட்டார்களில் இப்படித்தான் என்று கதை சொன்னாலும் நம்பாதீர்கள். 1950களில் கிரெட்ச் நிறுவனம் தன் சில்வர் ஜெட் கிட்டாருக்கு ஸ்பார்க்கிளை ஸ்ப்ரே செய்யவே இல்லை. டிரம்முக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டையே அதன் முகப்பில் ஒட்டியது.

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு இது, துணி மாஸ்க் தடுக்காது. ஆனால் கடையில் லேபிளே இல்லாத தண்ணீர் பாட்டிலில் கால் லிட்டர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். எச்சரிக்கையும் கலவை விகிதமும் டின்னோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. ஆண்டாண்டாக இப்படியே விற்கிறார்கள், ஏனென்று கேட்க ஒரு அதிகாரிக்கும் நேரமில்லை. கன் பிடிக்கிற பையன்கள் வெறும் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆகவே இதை வீட்டில் அடிக்காதீர்கள். கம்பெனி சீல் உள்ள சின்ன டின்னை நீங்களே பில் போட்டு வாங்கி, ஸ்ப்ரே பூத்தும் குழாயில் சுத்தமான காற்று வருகிற மாஸ்க்கும் உள்ள பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் கிட்டாரின் கழுத்து உட்காருகிற குழியை உங்கள் கையாலேயே டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அங்கே இத்தனை கோட் ஏறினால் கழுத்து உள்ளே போகாது. திணித்து ஸ்குரூவை முடுக்கினால் குழியின் ஓரத்திலிருந்து பெயிண்ட் கீறல் விட ஆரம்பிக்கும்.