மன உளைச்சலாலும் உட்கார்ந்தே இருப்பதாலும் இறுகிப்போகும் தசைகளைத் தளர்த்துவது எப்படி?

நாள் முழுவதும் நாற்காலியிலேயே இருக்கிறீர்கள், வேலையில் நெருக்கடியும் மிகுதி, பிடரியும் தோள்களும் கல்லாய் இறுகிவிட்டன, கழுத்தைச் சாய்த்து இழுத்துவிட்டால் 10 நிமிடம் சுகமாக இருக்கிறது, பிறகு பழையபடி பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். கணினித் திரையைப் பார்த்து மெய்ப்புத் திருத்துவது என் தொழில். நீங்கள் விவரித்த அதே நிலையில் ஏறத்தாழ 2 ஆண்டுகள் இருந்து மீண்டவள் என்பதாலும், அந்த நாள்களில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள் என்பதாலும் இந்தப் பதிலை எழுதுகிறேன். இறுக்கத்தைத் தளர்த்தும் வழியைவிட, அது ஏன் உடனே திரும்பி வருகிறது என்பதே உங்கள் கேள்வியின் மையம் என்று கருதுகிறேன், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 2 ஆண்டுகளும் நான் செய்ததெல்லாம் இழுப்பதுதான். தலையைக் கையால் பற்றி ஒரு பக்கமாக வலிக்கும் வரை சாய்ப்பேன், நெட்டி முறிப்பேன், சற்று இளகியதும் வேலைக்குத் திரும்புவேன். இறுதியில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றேன். அவர் என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, என் வலக்கையைத் தம் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, "கையின் பாரம் முழுவதையும் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டேன் என்றேன். அவர் மெல்லத் தம் கைகளை விலக்கினார். என் கை கீழே விழவில்லை, அந்தரத்தில் அப்படியே நின்றது. "இப்போது இதை யார் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்" என்றார் அவர். நான் விட்டுவிட்டதாக முழுமனதோடு நம்பிய தசை உழைத்துக்கொண்டேயிருந்தது என்பதும், அந்த உழைப்பு எனக்குத் தெரியவே இல்லை என்பதும் அன்றுதான் புரிந்தன.

இறுகிய தசை என்றால் அது நீளம் குறைந்து கட்டையாகிவிட்டது என்றே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். மூட்டை வாரக்கணக்கில் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தால் அப்படி நேர்வதும் உண்டு. ஆனால் மன உளைச்சலோடு மேசையில் அமர்ந்திருப்பவரின் தோளில் நிகழ்வது பல சமயம் வேறு. கவலையோ அச்சமோ எழும்போது உடல் ஆபத்தை எதிர்கொள்ள ஆயத்தமாகிறது. தோள்கள் சற்றே உயர்கின்றன, பற்கள் கடிபடுகின்றன, வயிறு இறுகுகிறது, மூச்சு மேலெழுந்தவாரியாகிறது. ஓடியோ போராடியோ முடித்திருந்தால் அந்த ஆயத்தம் தானாகக் கலைந்திருக்கும். நம் கவலைகளோ நாற்காலியில் அமர்ந்தபடியே வந்து, அமர்ந்தபடியே நீள்கின்றன. உடல் செய்ய ஆயத்தமான செயல் நிறைவேறாமலே நிற்பதால், தசைக்கு இட்ட கட்டளை திரும்பப் பெறப்படுவதில்லை.

இதை விளக்க ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஹேக் 1991இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒரு தசையில் நூற்றுக்கணக்கான இழைக் குழுக்கள் உள்ளன; மெல்லிய வேலைக்கு முதலில் அழைக்கப்படுபவை சிறிய குழுக்கள், வேலை கடினமாகும்போதுதான் பெரியவை சேர்ந்துகொள்கின்றன. தசை முற்றிலும் ஓயும்போதுதான் அந்தச் சிறிய குழுக்களுக்கு ஓய்வு கிடைக்கும். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் சின்ட்ரெல்லா என்ற கதைப் பெண்ணின் பெயரால் இந்த இழைகளைக் குறிப்பிடுகிறார்கள். கணினி மௌஸைப் பிடித்திருக்கும் கைக்காகத் தோளைச் சிறிதளவே உயர்த்தி வைத்திருப்பது மொத்தத் தசையின் வலிமையில் மிகச் சிறு பங்கு. ஆனால் அந்தச் சுமை 8 மணி நேரமும் அதே இழைகளின் மீதுதான் விழுகிறது. கனமான வேலை எதுவும் செய்யாத நமக்கு ஏன் வலிக்க வேண்டும் என்ற என் நெடுநாள் ஐயத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை.

அசையாமல் இருப்பது வேறொரு வகையில் தீங்கு செய்கிறது. தசையை நெடுநேரம் ஒரே நிலையில் வைத்திருந்தால் அதனுள் இருக்கும் நுண்ணிழைகளுக்கு இடையே பிணைப்புகள் உருவாகி நிலைத்துவிடுகின்றன. அதனால்தான் வெகுநேரம் கழித்து எழும்போது முதல் அசைவு கடினமாகவும், அடுத்த சில அசைவுகள் இலகுவாகவும் இருக்கின்றன. தூங்கி எழுந்த பூனையும் நாயும் முதல் வேலையாக உடலை நீட்டி முறுக்கி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மொழி இதைச் சோம்பல் முறித்தல் என்கிறது. அதைச் சோம்பலின் அடையாளமாகக் கருதிக் குழந்தைகளைக் கடிந்துகொள்வதை நாம் விட்டுவிட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன், ஏனெனில் அசைவின்மை உண்டாக்கிய விறைப்பை உடலே நீக்கிக்கொள்ளும் முறை அது. இதனோடு தலையின் பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது அதை முதுகெலும்பு தாங்குகிறது, கைப்பேசியை நோக்கிக் குனிந்துவிட்டால் பிடரித் தசைகள் பல மடங்கு விசையோடு பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆக, ஓயாமல் உழைக்கும் தசையை வலுவாக இழுத்தால் அது மேலும் தற்காத்துக்கொள்ளவே முனையும். முதலில் அதற்கு ஓயத் தெரிய வேண்டும். இதற்கென ஒரு பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் உருவாக்கினார். படிப்படியாகத் தசைகளைத் தளர்த்தும் முறை என்று இன்றும் உளவியல் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் கற்றுக்கொடுப்பது அதன் சுருங்கிய வடிவமே. படுத்தோ சாய்ந்தோ இருந்துகொண்டு, ஒரு கையை மட்டும் 5 முதல் 7 விநாடி வரை மிதமாக முறுக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, 20 அல்லது 30 விநாடி அந்தக் கையில் என்ன மாறுகிறது என்று கவனித்தபடி சும்மா இருக்க வேண்டும். அடுத்து மறு கை, நெற்றி, தாடை, காதை நோக்கி உயர்த்திய தோள்கள், வயிறு, தொடைகள், கெண்டைக்கால்கள் என்று நகரலாம். கெண்டைக்காலை மட்டும் மிக மெதுவாக முறுக்குங்கள், இல்லாவிட்டால் குரக்குவலி பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பயிற்சியை முதலில் நான் முற்றிலும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். முறுக்குவதுதான் பயிற்சி என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு முழு வலிமையோடு செய்தேன், உடம்பு வலியோடு எழுந்தேன். முறுக்குவது ஓர் ஒப்பீட்டுக்காக மட்டுமே. இறுக்கம் எப்படி உணரப்படும் என்று ஒருமுறை தெளிவாகத் தெரிந்தால், நாளின் நடுவே அதே உணர்வு மெல்லியதாகத் தலைகாட்டும்போது அடையாளம் கண்டுவிடலாம். ஆகவே விட்ட பின் வரும் அந்த 30 விநாடிகளை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பின் முறுக்கும் விசையைப் பாதியாக்குங்கள், அதற்கடுத்த வாரம் இன்னும் குறையுங்கள். மூன்றாவது வாரத்தில் எனக்கு முறுக்காமலே தோளை இறக்க வந்தது. இரவில் உறங்கப் போகும் முன் 15 நிமிடம் இதற்கு ஒதுக்குவது எளிது; ஆனால் பயன் முழுதும் கிடைப்பது, பகலில் வேலைக்கு நடுவே சில விநாடிகள் அதை நினைவுகூரும்போதுதான். நான் ஒவ்வொரு பக்கமும் முடிந்து அடுத்ததைத் திறக்கும் கணத்தை அதற்கான நேரமாக வைத்துக்கொண்டேன்.

மூச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கழுத்து இறுக்கத்துக்கு அது நேரடிக் காரணமாகவும் அமைகிறது. அமைதியான மூச்சில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசையான உதரவிதானம்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. பதற்றத்தில் நெஞ்சின் மேற்பகுதியால் மூச்சு வாங்கும்போது, கழுத்தின் முன்னாலும் பக்கவாட்டிலும் உள்ள தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவை மேலே தூக்குகின்றன. நிமிடத்துக்கு 15 முறைக்கு மேல், நாள் முழுவதும். வயிறு மெல்ல உயரும்படி 4 விநாடி உள்ளிழுத்து 6 விநாடி வெளிவிட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சுகள் ஆகும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடல் அமைதிக்குத் திரும்புகிறது. 3 நிமிடம் போதும். தலை சுற்றினால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள்.

இனி அசைவுக்கு வருகிறேன். எந்த நிலையில் அமர வேண்டும் என்று நான் நிறையப் பொழுது செலவிட்டேன், விலை மிகுந்த நாற்காலியும் வாங்கினேன். எவ்வளவு சிறந்த நிலையானாலும் அதிலேயே 2 மணி நேரம் இருந்தால் விறைப்பு வரத்தான் செய்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடமாவது நடப்பது எனக்கு அந்த நாற்காலியைவிட அதிகம் உதவியது. எழும்போது தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள், கைகளை மேலே உயர்த்தி மேல்முதுகை நாற்காலியின் முதுகுப்பலகை மீது பின்னால் வளையுங்கள், மோவாயை உள்ளே இழுத்துத் தலையைப் பின்னுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு காலை முன்வைத்து மறு முழங்காலைத் தரையில் ஊன்றி இடுப்பை முன்னே தள்ளினால், உட்கார்ந்தே இருந்ததால் மடங்கிக் கிடந்த தொடையிடுக்குத் தசை நீளும். அதில் 30 விநாடி நில்லுங்கள். நீட்சிப் பயிற்சியில் இழுபடும் உணர்வு இருக்கலாம், வலி கூடாது. மூச்சை அடக்கினீர்கள் என்றால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள்.

ஆனால் நீடித்த மாற்றத்தைத் தந்தது நீட்சியன்று, வலுவூட்டல் என்பதை அழுத்தமாகச் சொல்வேன். வலுவற்ற தோளுக்குக் கையின் பாரமே பெரும் சுமை. வலுவடைந்த தோளுக்கு அதே பாரம் பொருட்டன்று. டென்மார்க்கில் கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலி உடையவர்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ரப்பர் பட்டையைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் ஒரே பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம் வீதம் 10 வாரம் செய்தவர்களுக்கே வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. நானும் அதையே செய்தேன், இன்றும் செய்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், 2 நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. விறுவிறுப்பான நடை இதில் பெரும்பகுதியை நிறைவுசெய்யும். நடந்து முடித்தால் உளைச்சலும் ஓரளவு இறங்குவதை உணர்வீர்கள்.

வெந்நீர் ஒத்தடமும் மசாஜும் நல்லவையே. துணி சுற்றிய வெந்நீர்ப் பையை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் இரத்த ஓட்டம் கூடி வலி மட்டுப்படும். அந்த இளகிய நேரத்தை அசைவுப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள், ஒத்தடத்தோடு நிறுத்திவிட்டால் சில மணி நேரத்தில் பழைய நிலைதான். தாடையையும் மறக்க வேண்டாம்: வாய் மூடியிருக்கும்போது உதடுகள்தான் சேர்ந்திருக்க வேண்டும், மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கழுத்தை வேகமாகத் திருகி நெட்டி முறிக்கும் பழக்கத்தையும், பிறர் கையால் அப்படித் திருகச் செய்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அரிதாகக் கிழிசல் நேர்வதுண்டு.

மேற்சொன்ன எதையும் செய்து பார்ப்பதற்கு முன் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலைகள் சில உள்ளன. கையிலோ காலிலோ மரத்துப்போதல் அல்லது வலுவிழப்பு, சிறுநீர் மலம் அடக்க இயலாமை, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, உறக்கத்திலிருந்து எழுப்பும் இரவு வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி ஆகியவற்றை இறுக்கம் என்று ஒதுக்கக் கூடாது. நெஞ்சிலிருந்து தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் மூட்டு அழற்சியா என்று பரிசோதிப்பார்கள். தைராய்டு சுரப்புக் குறைவும், கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் தசை வலியை உண்டாக்கலாம் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

எவ்வளவு காலத்தில் குறையும் என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்குக் காலை விறைப்பு மூன்றாவது வாரத்தில் குறையத் தொடங்கியது. பிடரியிலிருந்து கிளம்பி நெற்றிக்கு வரும் தலைவலி நிற்க 3 மாதம் ஆயிற்று. வேலையை முடித்துத் தர வேண்டிய நாள் நெருங்கும்போது என் தோள்கள் இப்போதும் உயரவே செய்கின்றன. முன்பு மாலையில் வலித்த பின்னரே அதை அறிந்தேன். இப்போது இரண்டு மூன்று பக்கங்களுக்குள் தெரிந்துவிடுகிறது, இறக்கிக்கொள்கிறேன்.