ஜீன்ஸ் பாக்கெட்டில் இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 17 வயது, பாலிடெக்னிக் படிக்கிறான். துவைக்கப் போட்ட ஜீன்ஸில் டீத்தூள் பை மாதிரி குட்டியாக இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள் இருந்தன. புதினா வாசனை. ‘அது புகையிலை, உதட்டுக்குள்ளே அடக்கிக்கொள்வார்கள்’ என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். என் மகனின் அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் (அவர் சிகரெட் பிடிப்பவர்). புற்றுநோய்ப் படங்களைக் காட்டி மிரட்டலாமா?
- பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: படமெல்லாம் வேண்டாம் அம்மா. பல் மருத்துவம் படித்த காலத்தில், காலையில் வாய்ப்புற்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு டீக்கடையில் சிகரெட் பற்றவைத்தவன் நான். நாற்பது வயதுக்கு மேல் வருவதை நினைத்து 17 வயதில் யாரும் பயப்படுவதில்லை.

சத்தம் போடாமல், கண்ணாடி முன்னால் அவனையே கீழுதட்டை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டலம் வைக்கிற இடம் பலருக்கு வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின விரல் போலச் சுருங்கியிருக்கும். என்னிடம் வரும் பையன்கள் வாயடைத்துப் போவது அதைப் பார்க்கும்போதுதான். விட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு வாரமாகியும் மாறவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அவனுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தலாக வாய்க்குள் விடச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். பாக்கு கலந்ததைப் போடுகிறவர்களுக்கு உள்கன்னம் நார்போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அந்த இறுக்கம் தானாக இளகாது.

எந்தக் கடை என்று உடனே குடையாதீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் புகையிலை விற்பது குற்றம், சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் உங்கள் பையனைச் சாட்சியாக்கினால் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். எந்த நேரத்தில் ‘வேணும்’ போலிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதா, சாப்பிட்டு முடித்ததுமா? அந்த நேரத்துக்கு ஒரு கிராம்போ கொஞ்சம் சோம்போ பாக்கெட்டில் இருக்கட்டும். பாக்கு கூடவே கூடாது. விட்ட முதல் மூன்று நாள் எரிந்து விழுவான், தூக்கம் வராது. திமிர் என்று நினைக்காதீர்கள், நிகோடின் இறங்குகிறது.

சரி, அப்பா விஷயம். அவருடைய சிகரெட் அட்டையிலேயே 1800-11-2356 என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். விட நினைக்கிறவர்களுக்கான இலவச எண் அது. முதலில் அவரை அந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். இத்தனை வருடமாக அந்த அட்டையை வாங்கிவரக் கடைக்கு யாரை அனுப்பினார் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.