ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தரவைப் பகிர்ந்துகொண்டால் நோயாளிக் கவனிப்பு உண்மையிலேயே மேம்படுமா? எதில் தொடங்குவது?

மேம்படும். ஆனால் தரவை ஓரிடத்தில் குவித்துவிட்டதால் மட்டும் மேம்படாது. ஒரு நோயாளிக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற செய்தி, அதைப் பார்த்ததும் போனை எடுத்துப் பேச வேண்டிய பொறுப்புள்ள ஓர் ஆளிடம் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெரும்பாலான வட்டாரங்களின் நிலைமை இதுதான்: இரண்டு மூன்று மருத்துவமனைகள், பத்திருபது கிளினிக்குகள், தனி ஆய்வகங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு மென்பொருள். எல்லாருடைய பதிவையும் எல்லாரும் பார்க்கும்படி ஒரு போர்ட்டல் கட்டலாமே என்றுதான் முதலில் தோன்றும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பேன். ஒருவருக்குச் சில நிமிடமே ஒதுக்க முடிகிற மருத்துவர் இன்னொரு திரையைத் திறந்து, இன்னொரு கடவுச்சொல் போட்டு, நோயாளியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். இரண்டு முறை தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் மூன்றாம் முறை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்.

தொடங்க வேண்டிய இடம் சேர்க்கை, டிஸ்சார்ஜ் அறிவிப்பு. மருத்துவமனைக்குள் லேப், பார்மசி, பில்லிங் மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எச்.எல்.7 பதிப்பு 2 என்ற வடிவம் 1980களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. செங்குத்துக் கோடுகளால் பிரித்த வெறும் எழுத்து வரிகள்தான். புதிய எஃப்.எச்.ஐ.ஆர். வடிவத்தைப் பற்றி எல்லாரும் பேசினாலும், உள்ளே ஓடுவது பல இடங்களில் இன்னும் இந்தப் பழசுதான். அதில் சேர்க்கை, டிஸ்சார்ஜ், இடமாற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் ஏ.டி.டி. என்றொரு செய்தி வகை உண்டு: ஏ01 சேர்க்கை, ஏ02 வார்டு மாற்றம், ஏ03 டிஸ்சார்ஜ், ஏ08 விவரத் திருத்தம், ஏ11 சேர்க்கை ரத்து, ஏ13 டிஸ்சார்ஜ் ரத்து, ஏ40 இரண்டு பதிவுகளை ஒன்றாக்குதல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஓடையில் ஒரு கிளையை வட்டாரத் தளத்துக்குத் திருப்பிவிடுவது, முழு மருத்துவக் கோப்பைத் திறந்துவிடுவதைக் காட்டிலும் பல மடங்கு எளிது. அமெரிக்காவில் 2021 மே மாதம் முதல், மின்னணுப் பதிவு வைத்திருக்கும் மருத்துவமனைகள் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீடிக்க இந்த அறிவிப்பை அனுப்புவது ஒரு நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

எளிது என்றேன், அதை நம்பி அப்படியே இணைத்துவிடாதீர்கள். ஏ03 பொய் சொல்லும் இடங்கள் சில உண்டு.

பல மருத்துவமனைகளில் நோயாளி மதியம் கிளம்பிப் போயிருப்பார். பில் முடிந்து படுக்கையைக் கணினியில் விடுவிக்கும்போதுதான் செய்தி கிளம்பும். அது மாலையாக இருக்கலாம், மறுநாள் காலையாகவும் இருக்கலாம். ஒரு மாதத்துச் செய்திகளை எடுத்து, பி.வி.1-45 புலத்தில் உள்ள டிஸ்சார்ஜ் நேரத்தையும் எம்.எஸ்.எச்-7இல் உள்ள செய்தி உருவான நேரத்தையும் கழித்துப் பாருங்கள் (முன்னால் உள்ள எழுத்துகள் செய்தியின் எந்த வரி என்பதையும், கடைசி எண் அந்த வரியில் எத்தனையாவது புலம் என்பதையும் குறிக்கும்). அதோடு நிற்காமல் முப்பது நாற்பது நோயாளிகளுக்குச் செவிலியர் குறிப்பையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் டிஸ்சார்ஜ் நேரமே பில்லிங் கவுன்டரில் தட்டிய நேரமாக இருக்கலாம்.

அடுத்தது, வெளிநோயாளி வருகை முடிந்தாலும் ஏ03 அனுப்பும் மென்பொருள்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருகிறவர் வாரத்துக்கு மூன்று முறை "டிஸ்சார்ஜ்" ஆவார். பி.வி.1-2இல் உள்நோயாளிக்கான ஐ, அவசரப் பிரிவுக்கான ஈ ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டி நீக்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: இறந்தவருக்கும் ஏ03தான் வரும். இறப்பு என்பது பி.வி.1-36இல் வெளியேறிய விதத்துக்கான குறியீட்டிலும், பி.ஐ.டி-30இல் உள்ள இறப்புக் குறியிலும்தான் தெரியும். இந்த இரண்டையும் சோதிக்காமல் அறிவிப்பு அனுப்பினால், கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா" என்று கேட்பார்கள். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு அந்தக் கிளினிக் உங்கள் அறிவிப்பை நம்பாது. பி.வி.1-36இன் குறியீடுகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஒவ்வொன்றின் பட்டியலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்தான் அவரா?

பணமும் நேரமும் அதிகம் கரைவது ஆள் அடையாளத்தில். நாடு தழுவிய ஒரே எண் இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு மயக்கத்தில் வருகிறவரிடம் அது இருக்காது. ஆகவே பெயர், பிறந்த தேதி, பாலினம், தொலைபேசி, முகவரி ஆகியவற்றை வைத்து நிகழ்தகவு முறையில் பொருத்த வேண்டியிருக்கும். இதன் கணித அடிப்படையை ஃபெல்லெகியும் சன்டரும் 1969இல் வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஒவ்வொரு புலமும் ஒத்துப்போனால் கூட்டல், போகாவிட்டால் கழித்தல். மொத்த மதிப்பெண் மேல் வரம்பைத் தாண்டினால் தானாக இணைப்பு. கீழ் வரம்புக்குக் கீழே என்றால் வேறு ஆள். இடையில் விழுவதை மனிதர் பார்க்க வேண்டும்.

அந்த இடைப்பட்ட வரிசையைப் பார்க்கத் தனி ஆள் வேண்டும் என்பதை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை. வரிசை நீண்டதும் மேல் வரம்பைக் கொஞ்சம் தளர்த்து என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் தகவல் குறைகிறது, அவ்வளவுதான். இருவர் ஒரே பதிவானால் ஒருவருடைய பென்சிலின் ஒவ்வாமை இன்னொருவர் கணக்கில் போய்விடும், உரியவரிடத்தில் இல்லாமலும் போகும். கலந்த பதிவைப் பிரிப்பது இணைப்பதைவிடப் பன்மடங்கு கடினம். எந்த முடிவு எந்த மருத்துவமனையின் எந்த எண்ணிலிருந்து வந்தது என்ற மூலக் குறிப்பைத் தொடக்கத்திலிருந்தே அழிக்காமல் வைத்திருந்தால் மட்டுமே முடியும்.

மாட்டிக்கொள்ளும் ஆட்கள் யார் என்று முன்கூட்டியே தெரியும். இரட்டையர்: பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எல்லாம் ஒன்று. பிறந்த குழந்தை: முதலில் தாயின் பெயரில் பதிவாகி, பிறகு பெயர் மாறும். பிறந்த தேதி தெரியாத முதியவர்கள்: பதிவு செய்பவர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவதால், அந்தத் தேதி ஒத்துப்போவதற்கு மதிப்பெண்ணே தரக்கூடாது. வீட்டுக்கு ஒரே தொலைபேசி எண் என்றால் அதற்கும் குறைந்த மதிப்பெண்தான். பெயரின் ஒலியை வைத்துப் பொருத்தும் சவுண்டெக்ஸ் ஆங்கில உச்சரிப்புக்காகச் செய்தது. குடும்பப் பெயரே இல்லாமல் முதலெழுத்து மட்டும் உள்ள பெயர்களிலும், ஒரே பெயரை நாலு விதமாக எழுதும் மொழிகளிலும் அது தடுமாறும். உங்கள் வட்டாரத்துப் பெயர்களில் சில நூறு இணைகளைக் கையால் சரிபார்த்து, அவற்றின் மேல் மென்பொருளை ஓட்டிப் பார்த்த பிறகே வரம்புகளை முடிவு செய்யுங்கள். விற்பனையாளர் தரும் முன்னிருப்பு எண்கள் வேறு யாருடைய பெயர்களுக்காகவோ வைத்தவை.

அறிவிப்பு யாருக்கு?

ஒவ்வொரு கிளினிக்கும் தன் நோயாளிப் பட்டியலைத் தளத்துக்குத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளவருக்கு ஏதாவது நடந்தால்தான் செய்தி போகும். பட்டியல் வாரம் ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும். ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்த பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகி, விட்டுப்போனவர்களுக்கெல்லாம் அறிவிப்பு வரும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வராது. ஒரே ஆளை இரண்டு கிளினிக்குகள் உரிமை கொண்டாடினால் யார் முதலில் அழைப்பது என்ற விதியையும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் இருவரும் அழைப்பார்கள், அல்லது இருவருமே மற்றவர் அழைத்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

எல்லா நிகழ்வையும் உடனுக்குடன் தள்ளினால் ஒரு வாரத்தில் ஒலியை அணைத்துவிடுவார்கள். அவசரப் பிரிவுக்கு வந்த தீவிர நோயாளி, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறியவர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் உடனடிச் செய்தி. மற்றவை காலையில் ஒரே பட்டியலாக, அவசர வரிசையில் வரட்டும். ஒவ்வொரு வரியிலும் பெயர், எங்கிருந்து எங்கே போனார், முதன்மை நோய், இப்போது கிடைக்கும் தொலைபேசி எண், பொறுப்பாளர் பெயர், "அழைத்தாயிற்றா" என்ற கட்டம். இன்பாக்ஸ் "கிளினிக்" என்ற பொதுப் பெயரில் இருந்தால் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். ஒரு செவிலியரின் பெயரும், அவர் விடுப்பில் போனால் மாற்று ஆளின் பெயரும் வேண்டும். காலக்கெடுவுக்கு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கான மெடிகேரின் இடைமாற்றக் கவனிப்பு விதி நல்ல அளவுகோல்: 2 வேலை நாட்களுக்குள் தொடர்பு, சிக்கலான நோயாளிக்கு 7 நாட்களுக்குள் நேர்ச் சந்திப்பு, மற்றவருக்கு 14 நாட்கள்.

அழைக்கிறவர் கையில் இருக்க வேண்டியது முழு டிஸ்சார்ஜ் சுருக்கம்கூட அல்ல. எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எதன் அளவு மாறியது, ஏன். எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வருகை எப்போது. முடிவு வராத பரிசோதனைதான் இரு பக்கத்துக்கும் நடுவில் விழுந்துவிடுவது, ஏனென்றால் கேட்ட மருத்துவருக்கு அவர் இனி நோயாளி இல்லை, கிளினிக்குக்கு அப்படி ஒரு பரிசோதனை நடந்ததே தெரியாது.

இரண்டாம் கட்டம்: ஆய்வக முடிவுகள்

அறிவிப்பு நிலைத்த பிறகு இதற்கு வாருங்கள். ஒவ்வொரு ஆய்வகமும் தன் பரிசோதனைக்குத் தன் குறியீடு வைத்திருக்கும். அவற்றை லோயிங்க் என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். அதிகம் வரும் இருநூறு முந்நூறு பரிசோதனைகளை முதலில் முடித்தால் அன்றாட வேலையின் பெரும்பகுதி வந்துவிடும்.

இங்கே சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினை மட்டும் பார்ப்போம். ஒரு ஆய்வகம் 1.2 மி.கி./டெ.லி. என்று தரும், இன்னொன்று அதே சிறுநீரகத்துக்கு 106 மைக்ரோமோல்/லிட்டர் என்று தரும். பெருக்கும் எண் 88.4. லோயிங்கில் முதலாவதற்கு 2160-0, இரண்டாவதற்கு 14682-9 என்று தனித்தனிக் குறியீடு. வேலையை முடிக்கும் அவசரத்தில் இரண்டையும் ஒரே குறியீட்டில் போட்டால் வரைபடம் 1.2இலிருந்து 106க்கு எகிறும். அதையாவது கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். எண்ணை மட்டும் சேமித்து அலகைக் கைவிடும் தளத்தில், கண்ணுக்குத் தப்பும் பரிசோதனைகளும் உண்டு. அலகை எப்போதும் எண்ணோடு சேர்த்தே வையுங்கள், மாற்றிக் காட்டினாலும் மூல எண்ணை அழிக்காதீர்கள்.

முடிவின் நிலையையும் கவனியுங்கள். முடிவைத் தாங்கி வரும் வரியின் ஓ.பி.எக்ஸ்-11 புலத்தில் பி என்றால் தற்காலிகம், எஃப் இறுதி, சி திருத்தம். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் முதலில் "வளர்ச்சி இல்லை" என்று பி வரும், பிறகு கிருமியின் பெயரோடு எஃப் வரும். முதலில் வந்ததையே வைத்துக்கொண்டு பின்னதை நகல் என்று தள்ளிவிடும் தளம் ஆபத்தானது.

ஒப்புதல் விஷயத்தில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதை வழக்கறிஞரிடம் விடுங்கள். தொழில்நுட்பத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: எச்.ஐ.வி., மனநலம் போன்றவற்றின் நோய்ப் பெயரை மறைத்துவிட்டு மருந்துப் பட்டியலை அப்படியே காட்டினால் மறைத்ததாக ஆகாது. பார்த்தவர் யார் என்பதை நோயாளியே பார்க்க முடிவது நல்ல கட்டுப்பாடு; 2008இல் நாடு தழுவிய பகிர்வைத் தொடங்கிய எஸ்டோனியாவில் குடிமக்கள் அந்தப் பதிவைத் தாங்களே பார்க்கலாம். அவசரத்தில் அனுமதி இல்லாமலே பதிவைத் திறக்கும், அதாவது பூட்டை உடைக்கும், வசதி கட்டாயம் வேண்டும், ஆனால் காரணம் எழுதி, ஒவ்வொன்றும் பிறகு ஒருவரால் சரிபார்க்கப்பட வேண்டும்.

தளம் ஓடத் தொடங்கிய பிறகு வரும் பெரிய கோளாறு அமைதியானது. ஒரு மருத்துவமனை மென்பொருளைப் புதுப்பிக்கும், இணைப்பு அறுந்துவிடும், யாருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கிளினிக் பட்டியலில் பெயர்கள் குறைந்திருக்கும். "இந்த வாரம் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வாரத்தின் நாள், நேரம் வாரியாக வழக்கமான எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அதற்குக் கீழே விழுந்தால் எச்சரிக்கை அடிக்கும்படி வையுங்கள். மறுமுனையிலிருந்து ஏ.ஏ. என்ற ஒப்புகை வந்தது என்பதற்காக மகிழ வேண்டாம். பல அமைப்புகளில் அதற்கு வாங்கிக்கொண்டேன் என்று மட்டுமே பொருள், பதிவாகிவிட்டது என்று அல்ல.

கடைசியாக, எதை அளப்பது. மறு அனுமதி விகிதம், அதாவது மீண்டும் மருத்துவமனையில் சேர்கிறவர்களின் பங்கு, குறைந்ததா என்றுதான் நிதி தருபவர்கள் கேட்பார்கள். அமெரிக்காவின் கேம்டன் நகரில், பகிர்ந்த மருத்துவமனைத் தரவை வைத்து அடிக்கடி அனுமதியாகிறவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்குத் தனிக் குழுவை அனுப்பிய திட்டம் உலகப் புகழ் பெற்றது. முன்பு, பின்பு என்று ஒப்பிட்டால் அனுமதிகள் நன்றாகக் குறைந்திருந்தன. 800 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தபோது, 180 நாட்களுக்குள் மறு அனுமதி திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம். மிக மோசமான கட்டத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆறு மாதம் சராசரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். தரவு ஆளைச் சரியாகக் காட்டிக் கொடுத்தது. அந்த ஆளுக்குத் தேவைப்பட்டதைத் தருவது வேறு வேலை.

ஆகவே முதல் ஆண்டில் எண்ண வேண்டியவை இவை: டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மணி நேரத்துக்குள் வந்த அறிவிப்புகளின் பங்கு, பொறுப்பாளர் பெயர் உள்ளவற்றின் பங்கு, 2 வேலை நாட்களுக்குள் பேசி முடித்தவற்றின் பங்கு, தவறாகப் பொருத்தப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை. மறு அனுமதியையும் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், எந்தக் கிளினிக் எந்த மாதம் இணைவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள். பின்னால் இணைபவை முன்னால் இணைந்தவற்றுக்கு ஒப்பீடாக அமையும். எப்படியும் எல்லாக் கிளினிக்கையும் ஒரே நாளில் இணைக்க உங்களால் முடியாது, அதனால் இதற்கு அதிகச் செலவும் ஆகாது.