தொட்டால் ஒலிக்கும் காய்கறி மேசை

கேள்வி: பள்ளிக் கண்காட்சியில் காய்களைத் தொட்டால் மாட்டுமணி, பம்புசெட் ஓசை கேட்கும்படி அமைத்தோம். சில காய்கள் பேசவே இல்லை. சில தானாகவே ஒலித்தன. ஏன்? (வாசகி, தேனி)

பதில்: நீங்கள் எந்த மின்சுற்றுப் பலகை பயன்படுத்தினீர்கள் என்று எழுதவில்லை. தொடுவதை உணரும் எம்பிஆர்121 தொடு உணரி, நிரலை இயக்கும் இஎஸ்பி32 பலகை, ஒலிக்கோப்பை இசைக்கும் டிஎஃப்பிளேயர் மினி மூன்றும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். உணரியில் 12 முனைகள் உண்டு, அதாவது 12 காய்கள்.

பேசாத காய் பெரும்பாலும் வெங்காயமாக இருக்கும். காய்ந்த தோல் மின்சாரத்தைக் கடத்தாது. எவர்சில்வர் திருகாணியைச் சதைக்குள் 2 செ.மீ. இறக்கி, அதில் கம்பியைக் கட்டுங்கள். செப்புக் கம்பியை நேரடியாகச் செருகினால் காயின் சாறு அதை அரித்துவிடும். தக்காளி, கத்தரி, வாழைத்தண்டு எல்லாம் நீர் நிறைந்தவை, தொந்தரவு தராது.

தானாக ஒலிப்பதற்குக் காரணம் பல. காய்கள் ஒன்றையொன்று தொட்டாலோ, ஈரச் சாக்கில் கிடந்தாலோ இரண்டும் ஒரே முனை போலாகிவிடும். உலர்ந்த மரப்பலகையில் இடைவெளி விட்டு வையுங்கள். கம்பி 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். சுவிட்ச் போடும்போது யாரும் காயைத் தொடக்கூடாது, உணரி அந்த நிலையைத்தான் 'தொடாத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். காயை மாற்றினால் அணைத்துப் போடுங்கள். நிரலில் தொடு வரம்பு (எவ்வளவு மாற்றம் வந்தால் தொட்டதாகக் கொள்வது) 12, விடு வரம்பு (எவ்வளவுக்குக் குறைந்தால் கையை எடுத்ததாகக் கொள்வது) 6 என்று தொடங்கி, பிறகு கூட்டிக் குறையுங்கள்.

ஒலிப்பதிவில்தான் இந்த மேசையின் உயிர் இருக்கிறது. மைக்குக்குப் பஞ்சுறை போட்டு, காற்று அடங்கிய அதிகாலையில் பதியுங்கள். கோப்பின் தொடக்கத்து மௌனத்தை வெட்டாவிட்டால், தொட்டபின் தாமதமாகவே ஒலி வரும்.