பிறேக் லைனர் வெடிக்கிறதா? றிவெட்டின் தலையைப் பாருங்கள்

கேள்வி: 1950களில் வந்த மொறிஸ் மைனர் காரைத் திருத்தி எடுக்கிறேன். பிறேக் சூவில் (வளைந்த இரும்புத் தகடு) புது லைனர் (அதன்மேல் பொருத்தும் உராய்வுப் பட்டி) வைத்து றிவெட் (தறையாணி) அடித்தபோது இரண்டு ஓட்டைகளைச் சுற்றி வெடித்துவிட்டது. பொப் றிவெட் (ஊசியை இழுத்து ஒரு பக்கத்திலிருந்தே இறுக்கும் றிவெட்) போட்டால் சரிவருமா? (வாசகர், கல்லடி)

பதில்: பொப் றிவெட் வேண்டவே வேண்டாம். அதன் உள்ளே நிற்கும் இரும்பு ஊசித்துண்டு கழன்றால் ட்றம்முக்குள் (சூவைச் சுற்றிச் சுழலும் உருளைக்குள்) விழுந்து உராயும். பெயர்த்தகடு, அலங்காரப் பட்டி போன்றவற்றுக்கு அது போதும்; பிறேக்குக்குப் பித்தளை அல்லது செம்பினாலான, வால்பக்கம் (தலைக்கு எதிர்முனை) குழாயாக இருக்கும் றிவெட்தான். லைனர் தேய்ந்து தலை வெளியே வந்தாலும், இரும்பு றிவெட் அளவுக்கு அது ட்றம்மைக் கீறாது.

வெடிப்புக்குப் பெரும்பாலும் தலையின் வடிவமே காரணம். லைனரில் றிவெட்டின் தலை அமரும் குழியின் அடி தட்டையாக இருந்தால் றிவெட்டின் தலையும் தட்டையாக இருக்க வேண்டும். கூம்புத் தலையை அதில் இறக்கினால், ஒவ்வோர் அடிக்கும் ஆப்புப்போல லைனரைப் பிளக்கும்.

அடுத்தது றிவெட்டின் நீளம். குழிக்குக் கீழே மீதமுள்ள லைனர் தடிப்பு, சூவின் தடிப்பு, அதோடு றிவெட் விட்டத்தின் 0.6 பங்கு. லைனர் 2 மி.மீ., சூ 3 மி.மீ., றிவெட் 4.8 மி.மீ. என்றால் ஏறக்குறைய 8 மி.மீ. வரும். நீளம் கூடினால் வால் வளைந்து கிழியும்; குறைந்தால் பிடிக்காது.

பழைய றிவெட்டை உளியால் வெட்டாதீர்கள், சூவின் ஓட்டை நீள்வட்டமாகிவிடும். வால்பக்கமிருந்து தண்டின் அளவு டிறிலால் எடுங்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும்: காற்றடிக்காமல், நனைத்துத் துடையுங்கள், தூசுக்குரிய சரியான முகக்கவசம் போடுங்கள்.

வாவியும் கடலும் இருபக்கமும் உள்ள கல்லடியில் சூவின் துருவை அசட்டை செய்யக்கூடாது. துரு பருத்து லைனரைத் தூக்கும், அந்த இடத்திலேயே அது உடையும். வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, மிக மெல்லிய பிறைமர் மட்டும் பூசுங்கள்.

பிறகு கிளாம்பால் இறுக்கி, நடு ஓட்டையில் தொடங்கி மாறிமாறி ஓரங்களுக்குப் போங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் உப்பும். தலையைத் தட்டை முனைக் கம்பியில் தாங்கி, வாலை வைஸில் மெதுவாக அழுத்துங்கள். சுத்தியலை விட இது பாதுகாப்பு. லைனருக்கும் சூவுக்கும் இடையில் 0.1 மி.மீ. பீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையக்கூடாது. வால் சூவின் முகம்வரை கிழிந்திருந்தால், அந்த றிவெட்டை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். வெடித்த லைனரைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.