ஆவணங்களில் பயன்படுத்த நாமே குறியீட்டு எழுத்துரு உருவாக்க முடியுமா? படமாக ஒட்டினால் போதாதா?

முடியும். நான் ஒரு முறை தப்பாகச் செய்து, அப்புறம் திரும்பச் செய்தவன். நீங்களும் ஒரே குறியை நூறு இடத்தில் படமாக ஒட்டி, ஒவ்வொரு வரியும் ஏறி இறங்குவதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓர் இயந்திரப் பராமரிப்புக் கையேட்டுக்கு 22 குறிகள் தேவைப்பட்டன: மின்சாரத்தை நிறுத்து, எண்ணெய் விடு, கையுறை போடு என்று. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, எழுத்துரு செய்யும் ஃபான்ட்ஃபோர்ஜில் ஏற்றினேன். இரண்டும் இலவசம். வரைந்த கோடுகளை வடிவங்களாக மாற்றாமல் ஏற்றியதால் கையுறை கறுப்புத் திட்டாக வந்தது. வளையத்தின் உள்கோடும் வெளிக்கோடும் ஒரே திசையில் சுற்றினால் நடுவில் இருக்கும் ஓட்டை அடைந்துவிடும். உள்கோட்டை எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். இதற்கே இரண்டு ராத்திரி போயிற்று.

பெரிய தப்பு வேறு. அடிக்க வசதி என்று குறிகளை ஏ, பி, சி எழுத்துகளின் இடத்திலேயே வைத்துவிட்டேன். என் கணினியில் எல்லாம் சரி. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தபோது, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் இடத்தில் வெறும் 'கே' நின்றது. படித்தவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதால் தப்பித்தோம்.

முதலில் யூனிகோடில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரத்தில், அந்தக் குறி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவரவர் சொந்தக் குறிகளுக்கென்று அதில் விட்டுவைத்திருக்கும் தனிப்பயன் பகுதியில் வையுங்கள்: ஈ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரை, 6400 இடங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் பெரும்பாலும் வெறும் கட்டம்தான் தெரியும். ஏதோ விடுபட்டிருக்கிறது என்றாவது புரியும். வேர்டில் ஈ001 என்று ஆங்கிலத்தில் அடித்து ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, உங்கள் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்போடு உட்பொதிக்க மறக்காதீர்கள்.

எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி படம் போதுமே என்பார்கள். நாலைந்து குறிதான் என்றால் நானும் அதையே சொல்வேன்.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. நான் செய்த அதே தப்பைப்போல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய எழுத்துரு பாமினி. அப்பா அதில் அடித்த கட்டுரைகள் இப்போது வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கின்றன. 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மாற்றும் மென்பொருளில் போட்டால், நடுவே அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிடுகின்றன. ஒவ்வொரு பெயராகக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதி இருக்கிறது.